பூட்டியிருந்த முதலுதவிப் பெட்டி

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட முதலுதவிப் பெட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் என் புகைப்படம். அதற்குக் கீழே 'முதலுதவிப் பயிற்சி பெற்றவர்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள், துணியோடு சேர்த்துக் கம்பெனியையும் சோதிக்க 'ஆடிட்' என்று ஆள் அனுப்பத் தொடங்கிய காலம் அது. ஒரு மண்டபத்தில் அரைநாள் பாடம் கேட்டு, மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டு, சான்றிதழோடு திரும்பியவன் நான். ஆனால் பெட்டியின் சாவி மேனேஜரிடம்தான் இருந்தது. திறந்தால் மருந்து குறையும், குறைந்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்பது அவருடைய பயம். ஆகவே அடிபட்டவர்கள் பெட்டியைத் தரிசித்துவிட்டு, கட்டிங் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு மிஷினுக்குத் திரும்புவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பேன்.

அப்படி ஓர் ஆடிட் நாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு திருமுருகன்பூண்டியிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். சிற்பக்கூடம் ஒன்றின் வாசலில் திரும்பும்போது, ரோட்டில் சிதறிக்கிடந்த கல் சில்லுகளில் முன்சக்கரம் சறுக்கியது. விழுந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. உள்ளங்கை, முழங்கை, முழங்கால் என்று தோல் மட்டும் ஆங்காங்கே ரோட்டோடு போய்விட்டது. சாமியாகியிருக்க வேண்டிய கல்லின் பொடி என் உள்ளங்கைக்குள் குடியேறியிருந்தது.

எரிச்சலில் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் மனதின் ஓரத்தில் ஒரு சின்ன சந்தோஷம், இன்றைக்காவது பெட்டியைத் திறப்பார்கள் என்று. கம்பெனிக் குழாயடியில் காயங்களைக் கழுவினேன். மேல் மண் போயிற்று, பதிந்திருந்த சில்லுகள் அசையவில்லை. அவற்றை எடுக்கும் இடுக்கியும், களிம்பும், காயத்தில் ஒட்டாத காஸ் துணியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன.

மேனேஜர் என் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏனுங்க தம்பி, விழறதுக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதுங்களா?"

"பெட்டியைக் கொஞ்சம் திறங்க சார்."

"இப்பத் தொறந்து ஒண்ணு கொறைஞ்சா என்னுங்க பண்றது? ஆடிட் முடியட்டும், நானே கட்டுப் போட்டு உடறனுங்க."

"அப்ப ஆஸ்பத்திரிக்காவது போய்ட்டு வந்துடறேன்."

"கேட்டுக்குள்ள கார் வர்ற நேரமுங்க. போய்த் துணி குடோன்ல உக்காருங்க சாமி."

கட்டிங் மாஸ்டர் பரிதாபப்பட்டு என் உள்ளங்கையில் வெள்ளைப் பனியன் துணியைச் சுற்றிவிட்டார். முதல் தரமான ஏற்றுமதித் துணி. கொஞ்ச நேரத்தில் அது காயத்தோடு ஒட்டிக்கொண்டு, கையை அசைத்தால் உயிர் போனது. வெளியே சுவரில் நான் சிரித்துக்கொண்டிருக்க, உள்ளே துணி ரோல்களுக்கு நடுவில் நான் முனகிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

வந்த ஆடிட்டர் சென்னைக்காரர், விடாக்கண்டர். படத்தில் இருப்பவர் எங்கே என்று கேட்டிருக்கிறார். லீவு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அடுத்து ஆடிட்டர் நேராகக் குடோனுக்குள் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் முகத்தையும் பார்த்தார். பிறகு நிதானமாக என்னிடம் கேட்டார்.

"ஒரு தொழிலாளிக்குக் கீழே விழுந்து சிராய்ப்பு ஆயிடுச்சுன்னு வச்சுக்கங்க. என்ன செய்வீங்க?"

"வச்சுக்க வேண்டியதில்லை சார்" என்று கையை நீட்டினேன்.

மேனேஜர் இமைக்கும் நேரத்தில் முந்திக்கொண்டார். "டெமோ காட்டறதுக்குன்னே ரெடியா வச்சிருக்கோமுங்க!"

ஆடிட்டர் துணியின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் நாலு லைன் மிஷின் நின்றது. காயம் நிஜம்தான் என்று அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

அன்றுதான் பெட்டி திறந்தது. நல்ல தண்ணீரில் துணியை ஊறவைத்துப் பிரித்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன், இடுக்கியால் சில்லு சில்லாக எடுத்தேன், ஒற்றித் துடைத்தேன், களிம்பு தடவிக் காஸ் வைத்துக் கட்டினேன். மண்டபத்தில் படித்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். ஒவ்வொரு சில்லுக்கும் கண்ணீர் வந்தது. ஆடிட்டர் எழுதிக்கொண்டார். அவரைக் காரில் ஏற்றிவிடப் போன அவசரத்தில் மேனேஜர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டார்.

நான் முழங்காலுக்கு வந்திருந்தபோது, தையல் லைனில் இருந்து ஒரு அக்கா வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர். ஆள்காட்டி விரலில் அழுக்கேறிய பனியன் துண்டு. பிரித்தால், ஊசி ஏறிய இடம் வீங்கி, நகம் கறுத்து, சீழ் கட்டியிருந்தது.

"அதுக்குள்ள இருக்கது நெசமான மருந்தா தம்பி?" என்று கேட்டார்.

"நெசந்தான்க்கா. இத்தனை நாளா ஏன் கேக்கலை?"

"ஆடிட்டுக்கு வாரவுகளுக்கு அடிபட்டாப் போடுததுக்குல்லா வச்சிருக்காகன்னு நெனச்சேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. என் முழங்காலை அப்படியே விட்டுவிட்டு அவர் விரலைக் கழுவினேன். கட்டுப் போட்டு, இதை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி நிமிர்ந்தபோது, அவருக்குப் பின்னால் அயர்ன் பெட்டி சுட்ட கை ஒன்று, கத்தரி கிழித்த கட்டைவிரல் ஒன்று என்று வரிசை நின்றது. ஆடிட் நல்லபடியாக முடிந்த சிரிப்போடு மேனேஜர் திரும்பி வந்து சாவிக்குக் கை நீட்டினார்.

"இன்னும் ஆளுங்க நிக்கறாங்க சார்" என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.