ஈயம் காய்ச்சிய தாச்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் பொதுவாக வாசலில் ஒரு நீளப் பலகை. கழுவிய பாத்திரமெல்லாம் அதில்தான் காயும். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள், கேட்பதில்லை. ஆனால் திருப்பித் தரும்போது உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு பச்சை மிளகாய், ஒரு சிட்டிகைச் சீனி, எதுவானாலும் சரி. "வெறுஞ்சட்டிய கொண்டாந்தா, உன்கூட பேச்சில்லன்னு அர்த்தம்" என்று கடைசி வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த மாதிரிப் பேச்சுகளை நான் மனதில் சேர்த்து வைத்துக்கொள்கிறவன். அந்தப் பேச்சு ஒருநாள் என் வாசலுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

பண்டாரவளையில் விதையும் உரமும் விற்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஒருவருக்கு எங்கள் தோட்டத்து எல்லையில் மரக்கறிக் காணி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே வேலைக்குப் போவேன். கிழங்கு போட்டாலும் பன்றி, போஞ்சி போட்டாலும் பன்றி. "நடுறது நாம, புடுங்குறது அவங்க. கூட்டு விவசாயந்தான் தம்பி" என்பார் நானா. அவருடைய வாப்பா காலத்துத் துவக்கு ஒன்று லைசன்ஸோடு அவரிடம் இருந்தது. விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் சுட்ட கோது வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். துவக்கு இருந்தது, அதற்குப் பொருந்தும் தோட்டாதான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை அவர் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் வெடிமருந்து நிரப்புவது அவர் பாடு. ஈயக் குண்டு வார்க்கத்தான் ஆள் வேண்டும். தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கிறவன் என்பதால் என்னைக் கேட்டார். சட்டத்துக்கு ஒத்துவராத வேலை என்று இருவருக்கும் தெரியும். வெளியில் மூச்சு விடக் கூடாது என்றுதான் பேச்சு.

என் மனைவி பதுளையில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயத்துக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தேன். டயர் கடையில் கழித்துப் போட்ட ஈயத் துண்டுகள் ஒரு பை இருந்தன. உருக்குவதற்குச் சட்டி தேடினேன். எங்கள் வீட்டு இரும்புத் தாச்சி கைக்கு வந்தது. கல்யாணத்துக்குக் கிடைத்த தாச்சி. வேறு சட்டி வாங்கலாமே என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. உருகிய ஈயத்தை நானா கொடுத்த அச்சில் ஊற்றினேன். அச்சைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குண்டு சூட்டோடு விழும். முப்பது குண்டு வார்த்தேன். கை வேலை சுத்தமாக வந்ததில் எனக்கு ஒரே பெருமை. தாச்சியை விறகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இனி இதை இந்த வேலைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி திரும்பி வந்து விறகு எடுக்கும்போது அதைப் பார்த்திருக்கிறாள். நான் எதையோ கருக்கிவிட்டு ஒளித்து வைத்தேன் என்று அவளுக்கு எண்ணம். சாம்பல் போட்டுத் தேய்த்துப் பலகையில் கவிழ்த்துவிட்டாள். ஃபெக்டரியில் கொழுந்து குவிந்த நேரம் அது. நான் வீட்டுக்குத் தூங்க மட்டுமே வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாச்சி எங்கள் வாசலுக்கு வந்தது. உள்ளே வறுத்த அரிசி மா. பக்கத்து வீட்டுத் தங்கச்சி கொண்டுவந்திருந்தாள். அவளுடைய புருஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவளும் எட்டு மாதக் கைக்குழந்தையும்தான் வீட்டில்.

"நல்ல கனம் அண்ணே, மா கருகவே இல்ல. பாப்பாவுக்கு ரெண்டு தடவ இதுலதான் வறுத்தேன். உங்க வீட்டு அக்காவுக்கும் கொஞ்சம் வச்சிருக்கேன்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இந்த ஈயம் விஷம், சின்னப் பிள்ளைகளின் மூளைக்கே கேடு என்று ஃபெக்டரியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் போனதும் மாவைக் குழி தோண்டிப் புதைத்தேன். தாச்சியைக் கல்லால் அடித்து நெளித்தேன். அவளிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் துவக்குப் பேச்சு வரும், நானா வருவார், பொலிஸ் வரும். தேய்த்துக் கழுவிய சட்டிதானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஓயாமல் அழுதது. பல் முளைக்கிறது என்றார் ஒருவர். கண்ணூறு என்று கடைசி வீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போட்டார். அழுது ஓய்ந்ததும் தாய்க்காரி கஞ்சி காய்ச்சுகிற சத்தம் கேட்டது. டப்பாவில் மிச்சம் இருந்த அதே மா. அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவியும் வாசலில் நின்று கேட்டாள்.

தங்கச்சி கரண்டியை என் கையிலேயே விட்டாள். குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்தாள். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பன்னிக்கு செஞ்சத எம் புள்ளைக்கு ஊட்ட வச்சிட்டீங்களே அண்ணே."

மறுநாள் மூவரும் குழந்தையோடு முதல் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரிடம் நானே சொன்னேன், துவக்கையும் சேர்த்து. அவர் எழுதிக்கொண்டார். குழந்தையின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் அந்தச் சுவரில் காதை வைத்தபடியேதான் தூங்கினேன். அழுதாலும் பயம், அழாவிட்டாலும் பயம்.

இரத்தத்தில் ஈயம் இருந்தது. மருந்து கொடுக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கவே கூடாதது என்றார் டாக்டர். பேச்சு, நடை எல்லாவற்றையும் கவனித்து வரச் சொன்னார், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவரச் சொன்னார். முப்பது குண்டையும் நானாவிடம் கொடுத்து, இனி என்னைக் கூப்பிட வேண்டாம் என்றேன். அவர் குழந்தையைப் பற்றிக் கேட்டார். துவக்கைப் பற்றிப் பேசவில்லை.

குழந்தை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு அடியையும் நான் இந்தப் பக்கமிருந்து எண்ணுகிறேன். பலகையில் எங்கள் பாத்திரங்கள் வைத்த இடத்திலேயே காய்கின்றன. முன்னொரு நாள் தங்கச்சி இரவல் வாங்கியிருந்த எங்கள் அரிசி புடைக்கிற சுளகு அவள் வீட்டிலேயே கிடந்தது. போன வாரம் அதைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு மிளகாய்கூட இல்லை.