சாமான் அறையில் பூண்டு வாடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஓசூரில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேரிகைப் பக்கம் ஒரு நிலக்காரர் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை. கொல்லையில் தொட்டி வைத்து, கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு வாயு உண்டாக்கி, இரும்புக் குழாயில் அறைக்கு அறை கொண்டுபோய் விளக்கு எரித்தார்கள். குழாய் பாதி சுவருக்குள் பதிந்திருந்தது.

சாமான் அறையில் வாயு கசிகிறது என்று அந்த வீட்டம்மா ஒரு மாதமாகச் சொல்லியிருக்கிறார். கார்பைடு வாயு பூண்டு மாதிரி நாறும். அறையிலோ பூண்டு மூட்டையே கிடந்தது. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவர் மூட்டையைத் தானே இழுத்து மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டு, எனக்கு ஆள் அனுப்பினார்.

"பூண்டு போயும் வாடை போவலீங்க மேஸ்திரி. நீங்களாச்சும் மோந்து பாருங்க."

சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தடவினேன். ஒன்றில் நுரை பொங்கியது. கழற்றி, சணல் சுற்றி இறுக்கினேன். ஆனால் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், காரை வெடிப்பிலும் குமிழி எழுந்து எழுந்து உடைந்தது.

தொட்டி வால்வைச் சாவி போட்டு மூடிவிட்டு நிலக்காரரிடம் போனேன்.

"ஓட்டை சுவத்துக்குள்ள இருக்குதுங்க ஐயா. ஒடைச்சாத்தான் ஆவும். கூடத்துக்கும் அதே குழாய்தான் போவுது, தனியா அடைக்க முடியாது."

"நாலு நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம். வூட்ட இருட்டாப் போட்டு சுவத்த இடிக்கச் சொல்றியா? முடிஞ்சப்புறம் வா."

வால்வுச் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "ஜன்னலத் தொறந்தே வையுங்கம்மா. வெளக்கோட யாரையும் உள்ள வுடாதீங்க" என்றேன்.

"அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லீங்களே" என்றார். நான் கவனித்திருக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில், வெளியூரிலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர் அரிசி எடுக்கச் சிம்னி விளக்கோடு அந்த அறைக்குப் போனார். "வெளக்கு வேணாம், வெளக்கு வேணாம்" என்று கத்திக்கொண்டே அந்த அம்மா பின்னால் ஓடியிருக்கிறார். கதவைத் திறந்ததும் வெடித்தது. சமையல்காரர் அன்றைக்கே இறந்துபோனார். அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

குழாய்களைப் பிடுங்கிப் போட என்னையே கூப்பிட்டார்கள். சுவர் தானாகவே விழுந்து கிடந்தது. துருப்பிடித்த ஓட்டை கடுகளவுதான். கூடத்தில் முகத்தில் கட்டோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நான் வேலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வீட்டில் "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.