தம்பியின் பிளாஸ்மா மேசை

ஆரம்ப சூரன் என்று யாரை வேண்டுமானாலும் சும்மா சொல்லிவிடுவார்கள். என் தம்பியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான் அந்த வார்த்தையின் முழுக் கனமும் தெரியும். மீன் தொட்டி வாங்கினான். மீன்கள் அடுத்த வீட்டுக்குக் குடிபோயின, தொட்டியில் இப்போது என் வெங்காயம் கிடக்கிறது. தேனீப் பெட்டி வைத்தான். தேனீக்கள் அவனைவிடப் பொறுமைசாலிகள், அவையே ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. கிடார் வாங்கி ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும் கற்றான். இரண்டாவது வரி என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பிழைப்புக்கு அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவனுக்கென்றே அளந்து தைத்த வேலை. ஒரு வீட்டில் கொஞ்ச நேரம், பெட்டியை மூடு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பு. கீழ்த்தளத்தில் அவனும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். மாடியில் நான், அச்சகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், பல வருஷம் காத்திருந்து பெற்ற எங்கள் மகள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் எல்லோருக்கும் அவள் குட்டிதான்.

ஒரு நாள் காலையில் லாரியிலிருந்து அட்டைப் பெட்டிகள் இறங்கின. கூடவே நீள நீளமான இரும்புச் சட்டங்கள்.

"என்னடா இது, பாலமா கட்டப் போற?" என்றேன்.

"பிளாஸ்மா கட்டிங் மேசைக்கா. சிஎன்சி. கம்ப்யூட்டர்ல படத்தைப் போட்டு விட்டா போதும், அதுவே இரும்பை வெட்டிக் குடுத்துடும்."

"எந்தக் கம்பெனிக்கு?"

"கம்பெனிக்கெல்லாம் இல்ல. நமக்குத்தான். சும்மா ஒரு ஆசை."

அவன் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "விடுங்க அண்ணி. இந்தத் தடவை உருளைக்கிழங்கு போட்டு வைக்க இடம் கெடைச்சுதுன்னு நெனைச்சுக்கலாம்."

ஷெட்டிலிருந்த கார் தெருவுக்குப் போனது. அதன் இடத்தில், இரட்டைக் கட்டில் அளவுக்கு அந்த மேசை எழும்பியது. மேலே வரிசையாக இரும்புப் பட்டைகள். அவற்றின்மீதுதான் தகட்டைப் படுக்க வைப்பான். அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு, சொட்டும் நெருப்பை அணைப்பதற்கு. குறுக்கே மோட்டாரில் ஓடும் ஒரு சட்டம், அதில் தொங்கும் டார்ச். கம்ப்ரஸர் காற்றை அனுப்பும். மின்சாரம் அந்தக் காற்றை நெருப்பு ஊசியாக்கும். ஊசி போகிற வழியில் இரும்பு உருகிக் கீழே கொட்டும். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் மாடியில் எங்கள் தம்ளர்களெல்லாம் பேச ஆரம்பித்துவிடும். தூங்கும் குட்டி விலுக்கென்று விழித்து அழுவாள். நான் ஜன்னல் வழியாகக் கத்துவேன். கீழே அவனுக்கு ஒரு எழுத்தும் கேட்காது.

முதலில் அது வேலை செய்யவே இல்லை. டார்ச்சில் பொறி பற்றிய மறுகணமே லேப்டாப் உறைந்துபோகும், சட்டம் பாதி வழியில் நின்றுவிடும். பொறியின் மின்சாரம் வயர்களுக்குள் புகுந்து குழப்புகிறதாம். வயரை மாற்றினான், லேப்டாப்பைத் தள்ளி வைத்தான், என் ரோஜாத் தொட்டிகளை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் எர்த் கம்பி ஒன்றை அடித்து இறக்கினான். அது சரியானதும் அடுத்த வியாதி: காற்றிலுள்ள ஈரம் டார்ச்சின் முனையைத் தின்றுகொண்டே இருந்தது. பழைய ஃப்ரிட்ஜின் செப்புக் குழாயைச் சுருளாக்கி ஐஸ் வாளிக்குள் வைத்து, அதன் வழியே காற்றை விட்டு ஈரத்தைப் பிடித்தான். அன்றைக்கு முதன்முதலாக ஒரு வாத்து முழுசாக வெட்டுப்பட்டு வந்தது. சூடு ஆறுவதற்குள் இடுக்கியில் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டான், குட்டிக்குக் காட்ட. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அந்த மேசைக்கு ஒரு குணம் உண்டு. டார்ச் தகட்டைத் தொடவும் கூடாது, விலகவும் கூடாது. ஒரு தீக்குச்சிக் கனம் மேலேயே போக வேண்டும். தகடோ சூடேறினால் நெளியும். பெரிய தொழிற்சாலை மெஷின்களில் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்று இருக்குமாம். தம்பியின் மேசையில் அது இல்லை. "அடுத்த மாசம் மாட்டிக்கலாம்க்கா" என்றான். எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று சொல்லவில்லை. அதுவரைக்கும் ஆள் பக்கத்திலேயே நின்று, கண்ணைத் தகட்டின்மேலும் விரலை லேப்டாப்பின்மேலும் வைத்து, மேடு வரும்போது டார்ச்சைத் தூக்க வேண்டும். மெஷினே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று வாங்கியவனுக்கு இப்படி ஒரு காவல் வேலை.

இந்த நேரத்தில்தான் என் பால்கனியில் கை வைத்தான். மாடி பால்கனியின் பழைய கம்பிகள் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தன. தானே டிசைன் போட்டுப் புதுசு வெட்டித் தருவதாகச் சொல்லி, எல்லாக் கம்பிகளையும் ஒரே காலையில் அறுத்து எறிந்தான். உடைப்பதென்றால் அவனுக்கு அப்படி ஒரு குஷி. அதற்குப் பிறகு பால்கனி கதவைப் பூட்டினோம். கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் தரை, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

முதலில் அலை டிசைன் என்றான். அப்புறம் பறவை. பறவையின் அலகு மெலிசாக இருக்கிறதென்று கொடிக்கு மாறினான். ஒவ்வொன்றையும் பாதி வரைந்து என்னிடம் காட்டுவான். நான் நல்லா இருக்குடா என்பேன். அதோடு அதன்மேல் அவனுக்கு ஆசை போய்விடும். இதற்கிடையில் குட்டி தவழ்ந்தாள், எழுந்தாள், நடந்தாள். நல்ல காற்று வருகிற வழி அந்தக் கதவுதான். அவள் அதன்முன் நின்று இரண்டு கையாலும் அடிப்பாள். எனக்கு அடுப்படியில் நின்றாலும் காது முழுக்க அந்தப் பூட்டின்மேல்தான்.

ஒரு நாள் என் கணவர் துணி எடுத்துவிட்டுப் பூட்ட மறந்துவிட்டார். நான் வந்து பார்க்கிறேன், குட்டி அந்தத் திறந்த தரையின் நடுவில் உட்கார்ந்து காக்காயைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சத்தம் போட்டால் திரும்பி எழுந்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட விடாமல் போய்த் தூக்கினேன். அப்படியே கீழே இறங்கினேன்.

"இந்தா, புடி உன் மருமகளை," என்று அவன் கையில் கொடுத்தேன். "கம்பியை அறுக்கத் தெரிஞ்ச கைக்கு வைக்கத் தெரியாதா? இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மேசைக்கு என்னடா பதில் சொல்லத் தெரியும்?"

அவன் குட்டியின் தலையை மோந்து பார்த்தான். பிறகு கிளம்பினான் பாருங்கள் வேலைக்கு! காலையில் தகடு வந்தது, மத்தியானமே கம்ப்ரஸர் உறும ஆரம்பித்தது. கொடியும் இலையும்தான் டிசைன். இலைகள் எல்லாம் ஓட்டை, நடுவே ஓடும் தண்டுகள் மட்டும் இரும்பு. ஒவ்வொரு இலையும் என் நாலு விரல் அகலம், அதற்கு மேல் இல்லை. அதை அளந்துதான் வரைந்திருந்தான், அந்தப் புத்தி அவனுக்கு இருந்தது.

கடைசி இரும்புப் பலகையை வெட்டும்போது நான் ஜன்னலில் நின்றிருந்தேன். எதிர்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் தெருவில் இருமிக்கொண்டிருந்தது. இவன் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். அடுத்த நிமிஷம் தெருவில் நின்று அவருடைய ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கிறான். ஷெட்டுக்குள் மெஷின் தனியாகச் சீறிக்கொண்டிருந்தது.

"டேய், உன் மெஷினைப் பாருடா!"

"இதோ போறேன்க்கா, பிளக்குதான் அழுக்கு!"

திடீரென்று சீறல் சத்தம் மாறியது. கரகரவென்று ஏதோ உரசியது. அவன் ஓடினான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நான் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

பலகைகள் கறுப்புப் பெயின்ட் அடித்து மாடிக்கு வந்து பொருந்தியபோது வீடே அழகாகிவிட்டது. கதவைத் திறந்து வைத்தேன். எத்தனை மாசத்துக் காற்று! ஆனால் ஓரத்துப் பலகையில், குட்டியின் உயரத்தில், ஒரு இலை மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

"இது மட்டும் ஏன்டா இவ்வளவு பெரிசு?"

"டிசைன்க்கா. எல்லா இலையும் ஒரே மாதிரி இருந்தா அலுப்பு தட்டும்."

"மச்சான், அந்த இடம்தான் உயிரோட்டமா இருக்கு," என்றார் என் கணவர். அவர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர், டிசைன் என்றால் மயங்கிவிடுவார். நான் விரலை வைத்துப் பார்த்தேன். விளிம்பை மழமழவென்று தேய்த்து வைத்திருந்தான். சரி, அவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் பால்கனியின் ஒரு மூலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குட்டி மறு மூலையில். கீழே முற்றத்தில் தம்பி எதற்கோ நடந்துகொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்து, "குட்டீ! மாமா எங்க?" என்றான்.

மாமா எங்கே என்று பார்க்கத்தான் குட்டி அந்தப் பெரிய இலைக்குள் தலையை விட்டாள். ஒரு அழுத்து, தலை வெளியே. கீழே அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பின்னால் இழுத்தாள். காதுகள் மாட்டிக்கொண்டன.

அவள் போட்ட அலறலில் என் கையிலிருந்த துணி எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப் போய் உடம்பைப் பிடித்துக்கொண்டேன். தலை வெளியே, உடம்பு என் மடியில். எண்ணெய் தடவினோம், சோப்பு தடவினோம். தலையைத் திருப்பத் திருப்பக் காது சிவந்து வீங்கியதுதான் மிச்சம். என் கணவர் கீழே ஏணியைச் சாத்தி ஏறி, வெளிப்பக்கம் அவள் முகத்தைத் தாங்கிக்கொண்டு ஏதேதோ பேசினார்.

எதிர்வீட்டு ஸ்கூட்டர்காரர் கிரைண்டரோடு ஓடி வந்தார். "தள்ளுங்க, ரெண்டு நிமிஷத்துல அறுத்துடலாம்."

அதற்குள் மாடிக்கு ஓடி வந்திருந்த தம்பி அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். "வேணாம் சார். பொறி கண்ணுல விழும். இரும்பு சூடாகும்."

கையால் இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்து வந்தான். அதன் சட்டம் இலைக்குள் நுழையாது. வெறும் பிளேடின் முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஈரத் துண்டை மடித்து அவள் கழுத்துக்கும் இரும்புக்கும் நடுவில் திணித்தான். பக்கத்துத் தண்டை அறுக்க ஆரம்பித்தான். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. குட்டி திமிறும்போதெல்லாம் நிறுத்தினான். அவள் அடங்கினதும் திரும்பத் தொடங்கினான். இரும்புத் தூள் கொஞ்சம் கொஞ்சமாக அவன் கால்மேல் விழுந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. "சீக்கிரம்டா! சீக்கிரம் அறுடா!"

"கத்தாதக்கா. அவசரப்பட்டா கழுத்துல படும்."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையா என்று நினைக்கக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை. பிளேடு ஒரே மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. அவன் விரலிலிருந்து ரத்தம் வந்து துணியில் ஊறியது. கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான்.

"அது டிசைன் இல்லக்கா."

"தெரியும்டா. அறு."

"நடுவுல ஒரு தண்டு இருந்துச்சு. நான் இல்லாதப்போ தகடு எழும்பி டார்ச் இடிச்சு, அது எரிஞ்சு போச்சு. இன்னொரு பலகை வெட்டியிருக்கணும். தேய்ச்சு வச்சிட்டேன்."

"அறுடா சாமி, அப்புறம் பேசலாம்."

மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. தண்டைக் கையாலேயே வளைத்து ஒடித்தான். குட்டியின் தலை சறுக்கிக்கொண்டு உள்ளே வந்து என் மார்பில் விழுந்தது. அழுதேன், வாய் விட்டு அழுதேன். ஏணியில் என் கணவரும் அழுதார். தம்பியின் மனைவி குட்டியின் காதில் ஐஸ் ஒற்றினாள். ஸ்கூட்டர்காரர் கிரைண்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் குட்டி பிஸ்கட்டோடு எழுந்துவிட்டாள். எழுந்தவள் நேராகப் பால்கனிக்கே நடந்தாள். குழந்தைக்குப் பயம் எத்தனை நேரம் நிற்கும்? நான் பின்னால் ஓடினேன்.

தம்பி அங்கேதான் இருந்தான். தண்டு போன இடத்தில் ஓட்டை இப்போது இன்னும் பெரிதாகியிருந்தது. அதில் முதுகைச் சாத்தி, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான். குட்டி அவன் தோளைப் பிடித்துத் தள்ளி எட்டிப் பார்க்க முயன்றாள். அவன் அவள் தலை போகும் பக்கமெல்லாம் தன் தலையைச் சாய்த்து மறைத்தான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். "எழுந்து வா. வந்து கைக்கு மருந்து போடு," என்று மட்டும்தான் வந்தது.

"நீ போக்கா."

"கதவைப் பூட்டிக்கலாம்டா. நாளைக்கு வேற பலகை வெட்டிக்கோ."

"பூட்டு அன்னைக்கும் இருந்துச்சுக்கா," என்றான். "என் பொண்டாட்டி கடையில போய் நாலு கம்பி வாங்கிட்டு வர்றா. சாதாக் கம்பி. அது வர்ற வரைக்கும் நான் எந்திரிச்சா இந்த ஓட்டை தொறந்துக்கும்."

மருந்தையும் சாப்பாட்டையும் அவன் இருந்த இடத்துக்கே கொண்டு போனேன்.