தானாக ஏறும் பக்கம்

என் மனைவிக்குக் கல்வராயன் மலையில் டீச்சர் வேலை. எனக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வெப்சைட் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கடை. திங்கட்கிழமை காலை பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வீடு திரும்புவாள். நடுவில் எங்கள் குடித்தனம் மொத்தமும் சாயங்காலம் வரும் ஒரு போனில்தான் நடந்தது.

அந்தப் போனுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. "உன் நெனப்பாவே இருக்குது" என்று வாயைத் திறந்து சொல்கிற ரகம் இல்லை நாங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அன்றன்று பார்த்ததை ஆளுக்கு ஒரு வரி சொல்வார்கள். அதைப் போடுவதற்கென்று ஒரு இணையதளம் வைத்திருந்தோம். சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு நடந்துவந்து, தளத்தில் ஏற்றச்சொல்லி வரிகளை எனக்கு அனுப்புவாள். உடனே போனும் வரும்.

"இன்னாங்க, ஏத்திட்டீங்களா?"

"ஏத்திக்கினே இருக்கேன், இரு."

வேலை இரண்டு நிமிஷ வேலைதான். நான் அவசரப்படமாட்டேன். அவள் பக்கம் காற்று இரையும். யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போவார்கள். மேகம் இறங்கிவிட்டது, எதிரே இருக்கிற கடுக்காய் மரம்கூடத் தெரியவில்லை என்பாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். சின்னசேலம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் மெல்ல மெல்ல அமுங்கி, என் கடைக்குள்ளும் பனி வந்து நிற்கும்.

அப்புறம் எனக்குப் புத்திசாலித்தனம் வந்து தொலைத்தது. வேறொரு வேலைக்காகச் சர்வரில் ஒரு ஹூக் எழுதினேன். புதிதாக எழுதியது கிட் என்கிற மென்பொருள் வழியாகச் சர்வருக்கு வந்து சேர்ந்ததும் தானே ஓடுகிற சின்ன ஸ்க்ரிப்ட் அது. பக்கத்தைத் தயார்செய்து தளத்தில் வைத்துவிடும். மனுஷன் கை படவே வேண்டாம். அடடா, அவளுக்கும் இதைப் போட்டுக்கொடுத்தால் என்ன! அவள் போனில் ஒரு பட்டன் வைத்துக்கொடுத்தேன். எழுதி அமுக்கினால் போதும்.

அந்தத் திங்கட்கிழமை அமுக்கினாள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. 'மரத்து மேல மேகம் குந்திக்கினு இருந்துச்சு' என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தது. பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. நானாக என்னவென்று கூப்பிடுவது? கேட்க ஒன்றுமே இல்லையே! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். மலையில் என்ன மழை, என்ன பூ என்று ஊருக்கே தெரிகிறது. அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஹூக்கின் மேல் அப்படி ஒரு கோபம். அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பாவம், அது சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் புதுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"இன்னாங்க, இன்னைக்கு ஏறவே இல்ல. இன்னான்னு கொஞ்சம் பாருங்க."

என் எதிரே பக்கம் ஒரு வரி குறையாமல் இருந்தது. அவளே மெதுவாகச் சொன்னாள்: "நேத்தே ஏறலன்னு சொல்லலாம்னு பாத்தேன். வெக்கமா இருந்துச்சு."

"ஆமா, ஏறலதான்" என்றேன். "பாத்துக்கினே இருக்கேன், இரு."

"இருக்கேங்க. மெதுவாவே பாருங்க."

வளைவில் காற்று இரைந்தது. நான் திரையை அணைத்துவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டேன்.