பிறர் கையில் இருந்த மூச்சு

வலது கால் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. சோமனூரில் தறிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்திருந்தேன். வாசலில் நின்ற என் மனைவி எஸ்தர்தான், "ஏனுங்க, ஒரு செருப்ப எங்க உட்டுப்போட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். பாதத்தில் மண்ணும் ரத்தக் கீறலும் இருந்தன. வலியே இல்லை.

அது 1996, மாசி மாதம். எனக்கு முப்பத்தாறு வயது. வாரமெல்லாம் விசைத்தறி ஓட்டுவேன். ஞாயிறன்று எங்கள் சிறிய சபையில் வேதபாடம் வாசிப்பேன்.

மூன்றாம் நாள் படி ஏற முடியவில்லை. நான்காம் நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர் சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. "ஒரே மூச்சுல ஒண்ணுல இருந்து எண்ணுங்க பார்க்கலாம்" என்றார். பதினெட்டு வரை எண்ணினேன். மறுநாள் காலை பதினொன்று. மதியம் ஆறு.

கில்லன் பாரி (நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்) என்று எஸ்தரிடம் சொன்னார். "நரம்பு பெரும்பாலும் திரும்ப வளந்துரும்மா. அதுவரைக்கும் இவருக்கு நாமதான் மூச்சு குடுக்கணும்."

சுவாச இயந்திரங்கள் எல்லாம் அப்போது வேறு நோயாளிகளைத் தாங்கிக்கொண்டிருந்தன. என் தொண்டைக்குள் குழாய் இறக்கி, முனையில் ஆம்பு பையை (கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்று செலுத்தும் ரப்பர் பை) மாட்டினார்கள். செவிலியர் அதை எஸ்தரிடம் கொடுத்து, "நீங்க மூச்சு இழுக்கறப்ப எல்லாம் இத அமுக்குங்க. அளவு சரியா இருக்கும்" என்றார்.

மூன்று நாள் அப்படித்தான் உயிரோடிருந்தேன். எஸ்தரும் அவள் தம்பி சாமுவேலும் மாறி மாறி அமுக்கினார்கள். கண் மூடியிருந்தாலும் யார் கை என்று தெரிந்துவிடும். எஸ்தருக்குப் பதற்றமான மூச்சு. சாமுவேலுக்கு ஆழமான, சோம்பலான மூச்சு.

இந்த நோயில் அறிவு மங்குவதில்லை. எல்லாம் கேட்கும், பேசத்தான் முடியாது. மனதுக்குள் ஜெபித்தேன். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களை எல்லாம் சொல்லித் தீர்த்தேன். 'ஆண்டவர் என்னோடு பேசினார்' என்று சபையில் எத்தனையோ பேர் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை போதும் என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை.

பார்க்க வந்த உறவினர் ஒருவர், "ஏதோ மறைவான பாவம் இருக்குதுங்க. அறிக்கை பண்ணுனா சரியாப்போகும்" என்று எஸ்தரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பொய், சில பொறாமைகள், அப்பாவோடு பேசாமல் இருந்த ஒரு வருடம் என்று தேடித் தேடி எடுத்து வைத்தேன். அதற்கும் பதில் இல்லை.

எங்கள் போதகர் வந்தபோது எஸ்தர், "ஜெபம் பண்ணுங்கய்யா" என்றாள். அவர் கட்டிலருகே வந்து நின்றார். "வார்த்த வரமாட்டேங்குதும்மா. அந்தப் பையக் குடுங்க, நீங்க போய்ச் சாப்புட்டு வாங்க" என்றார். இரண்டு மணி நேரம் அமுக்கினார். அவருக்கு லேசான இளைப்பு உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

பக்கத்துப் படுக்கையில் செல்வி என்ற இளம்பெண் இருந்தாள். காரமடைப் பக்கம் தோட்டத்தில் அவளைப் பாம்பு தீண்டியிருந்தது. விஷம் அவள் மூச்சையும் நிறுத்தியிருந்தது. அவளுடைய அம்மா ரங்கம்மாளும் எஸ்தரைப் போலவே பை அமுக்கிக்கொண்டிருந்தார். "ரங்கநாதா, எம்பட புள்ளையக் குடுத்துருப்பா" என்று ஒவ்வொரு அமுக்கலுக்கும் சொல்லுவார். நானும் அவளுக்காக ஜெபித்தேன். அந்த நாட்களில் நான் கலங்காமல் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மதியம் செல்வி இறந்துவிட்டாள்.

ரங்கம்மாளின் அழுகை எழுந்து, பிறகு அடங்கியது. மகளைக் கொண்டுபோவதற்கான காகிதங்களுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் என் கட்டிலருகே அவர் குரல் கேட்டது.

"அந்தப் பைய இங்க குடு அம்மணி."

"வேண்டாங்கக்கா, நீங்க உக்காருங்க" என்று எஸ்தர் அழுதாள்.

"எங் கை சும்மா இருக்க மாட்டேங்குது. சித்த நேரம் குடு."

அவர் அமுக்கத் தொடங்கினார். அவர் மூச்சு விம்மலில் உடைந்து உடைந்து வந்தது. அந்த விம்மலின் அளவிலேயே காற்று எனக்குள் இறங்கியது. சற்று முன் மகளை இழந்த ஒருத்தியின் மூச்சில் என் நெஞ்சு ஏறி இறங்கியது. காகிதம் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பையை எஸ்தரிடம் தந்துவிட்டு, என் நெற்றியில் கைவைத்து, "நீயாவது எந்திரிச்சு ஊட்டுக்குப் போ கண்ணு" என்றார்.

அன்று மாலை எனக்கு ஓர் இயந்திரம் கிடைத்தது.

செல்வி ஏன் போனாள், நான் ஏன் இருக்கிறேன் என்று அன்றே கேட்டேன். இன்றும் கேட்கிறேன். பதில் தெரிந்ததாக நான் நடிக்கவில்லை. ஆனால் அந்த மதியத்துக்குப் பிறகு, யாருமில்லாத இடத்தை நோக்கி ஜெபிக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. பயம் கலந்த ஒரு மரியாதை வந்தது. பெரிய மலையின் அடிவாரத்தில் நிற்பவன் கத்திக் கூப்பிடத் தயங்குவானே, அதுபோல.

ஐந்தாவது வாரம் மருத்துவர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, "இப்ப நீங்களே இழுங்க" என்றார். இழுத்தேன். வந்தது. அவர் சிரித்தார். பிறகு இடது கட்டைவிரல் அசைந்தது. பல மாதம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சபையில் சாட்சி சொல்ல எழுப்பினார்கள். "அவர் என்னோட ஒரு வார்த்தையும் பேசலீங்க" என்றேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ரங்கம்மாளைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்று யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் மட்டும் முழங்கால்படியிட்டார்.

இதே நோயோடு படுத்திருப்பவருக்கோ, பக்கத்தில் காத்திருப்பவருக்கோ சொல்ல என்னிடம் அறிவுரை இல்லை. என் பாதங்கள் இன்றும் பாதி மரத்தே இருக்கின்றன. வேகமாக நடக்க முடியாததால் நாட்கள் நீளமாகிவிட்டன. காலையில் விழித்ததும் உடனே எழுவதில்லை. நெஞ்சு தானாக மேலே வருகிறது, தானாகத் தாழ்கிறது. என் நெஞ்சுதான், ஆனாலும் இன்னொருவருடைய வேலையை ஓரமாக நின்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகுதான் 'ஆண்டவரே' என்று தொடங்குவேன். சில நாள் அந்த ஒரு சொல்லோடு ஜெபம் முடிந்துவிடுகிறது.