இரண்டு காது ஐயாவு

"மூஞ்சிய நேர்ல பாத்து வரையறது காப்பியடிக்கிற வேலலா! பாக்காம வரையறான் பாரு, அவன்தான் ஓவியன். நான் ஒருத்தனையும் பாக்க மாட்டேன். பாக்கவும் தேவையில்ல!"

1978ஆம் ஆண்டு, சிம்பாங் பூலாய் முச்சந்திச் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்தபடி ஐயாவு உலகுக்கு வெளியிட்ட கலைக் கொள்கை இது. உலகின் சார்பில் அப்போது அங்கே மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது.

ஐயாவு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, மலையோரக் கல்லுடைக்கும் கம்பெனியில் வாசல் காக்கும் ஜாகா வேலைக்குப் போனார். லாரி வந்தால் கேட்டைத் திறப்பார். வராத நேரமெல்லாம் மடியில் பலகையை வைத்து வரைவார். ஞாயிறு பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரமும் கொடுத்திருந்தார்: 'ஐ.சி. படம் அனுப்புங்கள், பெரிய படமாக வரைந்து தபாலில் அனுப்புவோம். நேரில் வரத் தேவையில்லை.' இந்த 'வோம்' என்பது ஐயாவும் அவருடைய பென்சிலும்.

உறைகள் ஜொகூரிலிருந்தும் பெர்லிசிலிருந்தும் வந்து குவிந்தன. மூவாரில் அவர் பெயரைச் சொன்னால் தெரியும். பக்கத்து வீட்டில் தெரியாது. அங்கே அவர் 'கல்லுக் கம்பெனி ஜாகா', அவ்வளவுதான்.

அவர் படங்களில் ஒரு தனி முத்திரை உண்டு. ஐ.சி. என்னும் அடையாளக் கார்டுக்குப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் தலையைப் பிடித்து நேராக்கி, இரண்டு காதும் தெரிந்தால்தான் விடுவார்கள். ஆகவே ஐயாவு வரைந்த அத்தனை பேரும் இரண்டு காதோடு, திருட்டுக் கேஸில் மாட்டியவர்களைப் போல எதிரே பார்த்தார்கள். பெரும்பாலும் செத்துப்போனவர்களின் படங்கள் என்பதால் யாரும் குறை சொல்லி எழுதவில்லை.

இத்தனை புகழிலும் ஒரு குறை இருந்தது. வரைந்ததெல்லாம் தபாலில் போய்விடும். தான் வரைந்த படம் சுவரில் தொங்குவதை ஐயாவு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால்தான், ஈப்போ ஞாயிறு ஓவியர் வட்டம் டிசம்பரில் கண்காட்சி வைக்கப்போவதாக மனைவி செல்லாயி பத்திரிகையில் படித்துச் சொன்னதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு சுவர், ஒரு ஆணி, கீழே தன் பெயர். அது போதும்.

கொள்கை மாறாமல் ஒரு படத்தையும், பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறையையும் அனுப்பினார். வட்டத்தின் தலைவர் டொமினிக், கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுகிறவர், பதில் போட்டார்: 'அண்ணே, ஆளை உட்கார வைத்து இங்கே வரைந்த படம்தான் கண்காட்சிக்கு. பஸ் ஏறி வாங்க.'

"பாக்க மாட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள் செல்லாயி.

"பாக்கப் போகல. சட்டைய மாட்டிக்கிட்டு ஈப்போ வரைக்கும் போயிட்டு வாரேன்."

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசியாக வருகிறவர் நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் அவரை வரைவார்கள். ஐயாவுவின் பஸ் தாமதம். வரையப் போனவர் நாற்காலியில் ஏறினார். ஏறியதும் பழக்கதோஷத்தில் கழுத்தை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து, எதிரே முறைத்தார்.

"ஐ.சி.க்கா எடுக்கிறோம்? சும்மா ஜன்னலப் பாருங்கண்ணே," என்றார் வரைய உட்கார்ந்திருந்த மங்களம் டீச்சர். அறையே சிரித்தது. ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து ஏழு தாள்களைப் பரப்பினார்கள். ஏழு ஐயாவு. ஒருவர் தூங்கினார், ஒருவர் யாரையோ கிண்டல் செய்தார், ஒருவருக்கு அவருடைய அப்பாவின் மூக்கு. டொமினிக் வரைந்தவருக்கு ஒரே காது.

"இன்னொண்ணு எங்க தம்பி?"

"அந்தப் பக்கம் பத்திரமா இருக்குலா அண்ணே."

ஐயாவு தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. கல்யாணம் ஆகி இருபது வருசத்தில் செல்லாயிகூட ஒரு மணி நேரம் தொடர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தார்.

மறுவாரம் ஐயாவு முதல் பஸ்ஸையே பிடித்தார். அன்று பிந்தியது டொமினிக். நாற்காலியில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐயாவுவின் கை, யாரும் கேட்காமலே, கன்னத்தின் நடுவில் இரண்டாவது காதை முளைக்க வைத்தது.

"மச்சான், ஒனக்குத் தாடையில காது!" என்று டொமினிக்கைப் பார்த்துக் கத்தினார் வட்டத்தில் இன்னொருவரான பத்துமலை, லாரி ஓட்டுகிறவர். அன்று ஐயாவுக்கு வைத்த பெயர்தான் 'இரண்டு காது'.

ஐயாவு அழித்தார், வரைந்தார், மறுபடி அழித்தார். டொமினிக்கும் அடுத்த நான்கு ஞாயிறு வேண்டுமென்றே பிந்தி வந்தார். ஐந்தாவது ஞாயிறு அந்தக் காது, போக வேண்டிய பக்கம் போய் ஒழிந்தது.

டிசம்பரில் படம் தொங்கியது. கீழே பெயர். செல்லாயி நெடுநேரம் நின்று பார்த்தாள்.

"காது ஒண்ணு கொறையுதே, அவசரத்துல விட்டுட்டீங்களா?"

"அந்தப் பக்கம் இருக்கு," என்றார் ஐயாவு, தானே வைத்தவர் மாதிரி.

மறுவாரம் பாகான் செராயிலிருந்து ஓர் உறை. உள்ளே காளியம்மா என்பவரின் ஐ.சி. படம், எதிரே முறைப்பு, இரண்டு காது. 'அம்மா நல்ல சுகமாக இருக்கிறார். அறுபதாவது பிறந்தநாளுக்குப் பெரிதாக வரைந்து தாருங்கள்,' என்று மகன் எழுதியிருந்தார்.

ஐயாவு பென்சிலைச் சீவினார். படத்தைப் பலகையில் குத்தினார். சற்று நேரம் பார்த்துவிட்டு, பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

'ஞாயிறு எனக்குத் தோதுப்படாது. சனிக்கிழமை வருகிறேன். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைக்கவும். தைப்பிங்கில் பஸ் மாற வேண்டுமா என்று எழுதவும்.'