நாலாவது படத்தின் குடல்

பள்ளிக்கூடங்களுக்கு உயிரியல் படம் வரைந்து கொடுப்பவர் அவர். எல்லோருக்கும் படக்காரர். நாலு படம் சேர்ந்தது ஒரு செட்டு: வெயிலைக் குடித்து மாவுச்சத்தாக்கும் கோதுமைப் பயிர், அந்த மாவில் சுட்ட ரொட்டி, அது போய் விழும் இரைப்பை, கடைசியில் சிறுகுடலின் உள்சுவர். அந்தச் சுவரில் விரல் விரலாக நின்று சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளை ஒவ்வொன்றாக, பார்த்துப் பார்த்து வரைவார்.

மனைவி இளைக்கத் தொடங்கினாள். மனுஷர் சும்மா இருப்பாரா? முதல் படத்தில் இருக்கிறதே மருந்து என்று காலையில் கோதுமைக் கஞ்சி, மதியம் ரொட்டி, ராத்திரி மறுபடி கஞ்சி என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, இதைக் குடிச்சாலே வயிறு உப்பிக்குது, பேதியும் நிக்க மாட்டேங்குது. ஒரு வேளை விட்டுடறேனே."

"உடம்புல சத்தே இல்ல, விட்டுடறாளாம். இருபது வருஷமா வரையறேன், எனக்குத் தெரியாதா? முழுங்கு."

பாவம், முழுங்கினாள். இரண்டு வருஷம். அவள் மெலிய மெலிய இவர் கிண்ணத்தைப் பெரிதாக்கினார். பெரிய அறிவாளி!

படியேற முடியாமல் அவள் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாய்வழியே குழாய் விட்டுக் குடலின் உள்சுவரில் ஒரு சதைத் துணுக்கு எடுத்தார்கள். டாக்டரம்மா அதைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். படக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரல் ஒன்றுகூட இல்லை. சுவர் மெழுகிய தரையாகக் கிடந்தது.

"சிலருக்குக் கோதுமை ஆகாதுங்க, குடலையே அழிச்சிடும். நிறுத்திட்டா பெரும்பாலும் திரும்ப வளந்துடும்."

அன்றே வீட்டிலிருந்த மாவு மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார். பத்து மாசம் சோறு மட்டும்தான். மறுபடி துணுக்கு எடுத்தார்கள்.

"இவங்களுக்கு வளரலைங்க. மருந்து கொடுத்துப் பாக்கறோம். ஆனா உறுதியா எதுவும் சொல்ல முடியல" என்றார் டாக்டரம்மா.

இன்று ஒரு பள்ளிக்கு அவசரமாகப் படம் தர வேண்டும். நாலாவது படத்தில் தூரிகை நின்றுபோயிருந்தது. கட்டிலில் படுத்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? உங்களை யாரு குத்தம் சொன்னா? வரைங்க."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. குனிந்துகொண்டு இரண்டு விரல் வரைந்தார்.

"ஏங்க, பசிக்குது."

சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, குழைய வடித்த சோற்றைப் பிசைந்து ஊட்டினார். அவள் ஆசையாகச் சாப்பிட்டாள். அந்தச் சோறு அவள் உடம்பில் ஒட்டாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாய் உருட்டினார்.